கணிப்பொறிக்கு எந்த அளவுகோல்?

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

முன்னுரை

ஒருவர் நம்மிடம் வந்து "ஐந்து" என்று மட்டும் சொன்னால் நமக்கு என்ன விளங்கும்? ஐந்து கிலோவா, ஐந்து மீட்டரா, ஐந்து நிமிடமா? மளிகைக் கடையில் "துவரம்பருப்பு ஐந்து கொடுங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "ஐந்து என்றால் எவ்வளவு, பாப்பா?" என்று திருப்பிக் கேட்பார். தேர்விலும் அப்படித்தான். விடையைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் அலகை எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையும். "எண் சரிதானே, சிஸ்டர்?" என்று கெஞ்சிப் பயனில்லை.

கடைக்காரரும் ஆசிரியையும் மனிதர்கள். ஐயம் வந்தால் கேட்பார்கள். கணிப்பொறியோ கேட்காது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். கொடுத்தவர் கிராமை நினைத்திருக்கலாம், வாங்கியவர் கிலோவை நினைத்திருக்கலாம். நடுவில் நிற்கும் இயந்திரத்திற்கு அது தெரியாது. ஆகவே கணிப்பொறிக்கு எண்களை எழுதித் தருபவர்கள், எந்த அலகில் எழுதுவது என்பதை முன்னதாகவே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. லினக்ஸ் என்னும் கணிப்பொறிக் கருவில், தரவு பாயும் வேகத்திற்கு அப்படி ஓர் அலகைத் தேர்ந்தெடுத்த விதத்தை இக்கட்டுரையில் காண்போம்.

அலகு மாறியதால் வந்த வினை

அலகு என்பது அவ்வளவு பெரிய காரியமா என்று சிலர் நினைக்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், கனடா நாட்டில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று எட்மண்டன் நகருக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. எனவே ஊழியர்கள் கையால் கணக்கிட்டு எரிபொருளை நிரப்பினார்கள். விமானத்திற்கு வேண்டியது 22,300 கிலோகிராம். ஆனால் கணக்கில் அவர்கள் பயன்படுத்திய 1.77 என்ற எண், ஒரு லிட்டர் எரிபொருளின் எடையைப் பவுண்டில் சொல்லும் எண். கிலோகிராமில் அது ஏறத்தாழ 0.8 தான். விளைவு, வேண்டியதில் பாதிகூட இல்லாமல் விமானம் பறந்தது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி அதைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். கடவுள் கிருபையால் எவரும் உயிரிழக்கவில்லை.

இரண்டாவது, செவ்வாய்க் கோளுக்கு அமெரிக்கா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம். விசையின் விளைவைக் கணக்கிட்ட ஒரு குழுவினரின் நிரல், பவுண்டு விசையில் எண்களை எழுதியது. அவற்றை வாங்கிய குழுவினரின் நிரல், நியூட்டனில் இருப்பதாக எண்ணிப் படித்தது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அந்தக் கலம் செவ்வாயை மிகவும் நெருங்கிச் சென்று, தொடர்பற்று மறைந்துபோனது.

இவ்விரண்டிலும் பெருக்கலோ வகுத்தலோ தவறவில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு எண் போனபோது, அதன் அலகு கூடப் போகவில்லை. அவ்வளவுதான்.

கருவும் சாதன மரமும்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறியில் நாம் பார்க்கும் படம், கேட்கும் பாட்டு, எழுதும் எழுத்து எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் ஓயாமல் வேலை செய்கிறது. எந்தச் செயலுக்கு எப்போது முறை, எந்தப் பகுதிக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுத் தருவது அதன் பணி. ஆங்கிலத்தில் கெர்னல் என்பார்கள். தமிழில் கரு எனலாம். லினக்ஸ் என்னும் கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கினார். இன்று உலகெங்கும் உள்ள பொறியாளர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். நம் பெற்றோர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஓடுவது இந்தக் கருவே. 2017 நவம்பரில் வெளியான உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இருந்த 500 இயந்திரங்களிலும் ஓடியது இதுதான்.

ஒரு வீட்டிற்குப் புதிதாக வேலைக்கு வருபவருக்கு, சமையலறை எங்கே, கிணறு எங்கே என்று காட்டித் தர வேண்டும் அல்லவா? கருவுக்கும் அப்படியே. மேசைக் கணிப்பொறியில் செருகும் அட்டைகள் பெரும்பாலும் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ளும்; "நான் இன்ன வகை, இன்னார் தயாரிப்பு" என்று எண் மூலம் சொல்லிவிடும். கைபேசியின் சில்லுக்குள் இருக்கும் பகுதிகளோ வாய் திறப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை யாராவது எழுதி வைத்தால்தான் கரு அறியும்.

அப்படி எழுதி வைக்கும் விவரப் பட்டியலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். நாம் சாதன மரம் என்று அழைப்போம். வேர், கிளை, கிளையின் கிளை என்று மரம் போலவே அது விரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு சாதனம்; அதில் தொங்கும் இலைகள் அதன் பண்புகள். ஓப்பன் பர்ம்வேர் என்ற பெயரில் 1994ஆம் ஆண்டு வெளிவந்த ஐஇஇஇ 1275 என்னும் தர ஆவணத்தில் இம்முறை இடம் பெற்றது. 2011ஆம் ஆண்டுக்குப் பிறகு, கைபேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் சில்லுகளுக்காக லினக்ஸிலும் இது பரவலாயிற்று.

சாதன மரத்தின் இலைகளில் எழுதப்படும் எண்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, புள்ளி வைத்த தசம எண் கிடையாது. முழு எண்களே உண்டு. இரண்டாவது, ஓர் எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடம் வழக்கமாக 32 பிட். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

தசம எண் இல்லாவிட்டால் 1.8 வோல்ட்டை எப்படி எழுதுவது? அலகைச் சிறிதாக்கிக்கொண்டால் போதும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சம் மைக்ரோவோல்ட். ஆகவே 18,00,000 மைக்ரோவோல்ட் என்று முழு எண்ணாகவே எழுதிவிடலாம். சாதன மரத்தில் மின்னழுத்தத்தை இப்படித்தான் எழுதுகிறார்கள்.

பாய்வு வீதம் எதற்கு?

சில்லுக்குள் செயலி ஒருபுறம், நினைவகத்துக்கான வாயில் ஒருபுறம், படக்கருவி, திரை ஆகியவற்றுக்கான பகுதிகள் மற்றொரு புறம். இவற்றுக்கிடையே தரவுகள் ஓடுவதற்குப் பாதைகள் உள்ளன. ஒரு குழாயில் வினாடிக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்பதுபோல, ஒரு பாதையில் வினாடிக்கு இத்தனை தரவு என்று கணக்குண்டு. பொறியாளர்கள் இதைப் பேண்ட்வித் என்பார்கள். நாம் பாய்வு வீதம் என்று சொல்வோம்.

இந்தப் பாதைகளின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கூட்டினால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் மின்சாரம் அதிகம் செலவாகும், கைபேசி சூடாகும். குறைத்தால் பாட்டரி நீடிக்கும்; ஆனால் படம் விட்டுவிட்டு ஓடும். ஆகவே ஒவ்வொரு சாதனமும் "எனக்கு இவ்வளவு பாய்வு வேண்டும்" என்று கருவிடம் கேட்க வேண்டும். கரு எல்லாக் கோரிக்கைகளையும் சேர்த்துப் பார்த்துப் பாதையின் வேகத்தைத் திருத்தும். இதற்கான ஏற்பாடு 2019ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 5.1 பதிப்பில் சேர்ந்தது. ஒவ்வொரு சாதனமும் சராசரி, உச்சம் என்று இரண்டு எண்களைத் தரும். சராசரிகளைக் கரு வழக்கமாகக் கூட்டிக்கொள்ளும். உச்சங்களில் பெரியதை எடுத்துக்கொள்ளும்.

அடுத்த ஆண்டு, அதாவது 2020இல், இந்த எண்களைச் சாதன மரத்திலேயே எழுதி வைக்கும் முறையும் வந்தது. செயலி இன்ன வேகத்தில் ஓடும்போது நினைவகப் பாதையில் இன்ன பாய்வு வேண்டும் என்று பட்டியல் போடலாம். அப்போதுதான் கேள்வி எழுகிறது. எந்த அலகில் எழுதுவது?

பிட்டா, பைட்டா?

ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய தரவு பிட். இச்சொல்லை 1948ஆம் ஆண்டு தம் கட்டுரையில் அச்சேற்றியவர் கிளாட் ஷானன். சொல்லை உண்டாக்கியவர் ஜான் டூக்கி என்று அவரே அதில் குறிப்பிட்டுள்ளார். பைட் என்ற சொல்லை 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தில் வெர்னர் புக்கோல்ஸ் என்பவர் உண்டாக்கினார். கடி என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி அவர் எழுதினார். எழுத்துப்பிழையால் பிட்டும் பைட்டும் ஒன்றாகிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கைதான் காரணம்! இன்று ஒரு பைட் என்பது எட்டு பிட்.

இவ்வளவு எச்சரிக்கை செய்தும் குழப்பம் தீரவில்லை. சுருக்கி எழுதும்போது பிட்டுக்குச் சிறிய 'பி', பைட்டுக்குப் பெரிய 'பி' என்பது வழக்கம். ஆங்கில எழுத்தின் உருவம் ஒன்று மாறினால் பொருள் எட்டு மடங்கு மாறிவிடும். வீடுகளுக்கு இணைய இணைப்புத் தருபவர்கள் 100 எம்பிபிஎஸ் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது வினாடிக்கு 100 மெகாபிட். பைட்டில் அது வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். நூறு கோடி பைட் அளவுள்ள ஒரு திரைப்படம் பத்து வினாடியில் வந்துவிடும் என்று எண்ணுபவருக்கு, குறைந்தது எண்பது வினாடி ஆகும். வீட்டில் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

கம்பி வழியே ஊர்விட்டு ஊர் போகும் தரவைப் பிட்டில் அளப்பது வழக்கம். கம்பியில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. நினைவகத்தை அளப்பது பைட்டில். அங்கே தரவை எடுப்பதும் வைப்பதும் பைட் பைட்டாகத்தான். சில்லுக்குள் ஓடும் பாதைகள் நினைவகத்தை நோக்கியே போவதால், இங்கே பைட்டே பொருத்தம்.

ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

அடுத்த சிக்கல் கிலோ. கிலோ என்றால் ஆயிரம் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் கணிப்பொறி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், பத்து முறை இரண்டைப் பெருக்கி வரும் 1,024ஐயும் பலர் கிலோ என்றே வழங்கிவிட்டார்கள். கிலோவில் இந்த வேறுபாடு 2.4 விழுக்காடுதான். மெகாவில் ஏறத்தாழ 4.9 விழுக்காடு, கிகாவில் 7.4 விழுக்காடு. 500 கிகாபைட் என்று வாங்கிய வட்டு, சில கணிப்பொறிகளில் 465 என்று காட்டுவது இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விற்றவர் ஆயிரத்தாலும் கணிப்பொறி 1,024ஆலும் எண்ணியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை பழைய நெகிழ்வட்டு. அதன்மேல் 1.44 மெகாபைட் என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மையில் அதில் 14,74,560 பைட் இருந்தது. அதாவது 1,440ஐ 1,024ஆல் பெருக்கிய தொகை. ஒரு பாதிக்கு ஆயிரம், மறு பாதிக்கு 1,024 என்று இரண்டு அளவுகோலையும் கலந்து அளந்திருக்கிறார்கள்!

இக்குழப்பத்தைத் தீர்க்கப் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு 1998ஆம் ஆண்டின் இறுதியில் 1,024க்குக் கிபி என்றும், அதன் அடுக்குகளுக்கு மெபி, கிபி என்ற ஒலிகளுக்கு நெருங்கிய வேறு பெயர்களையும் ஏற்றது. கிலோ ஆயிரத்துக்கே உரியது ஆயிற்று. லினக்ஸ் கருவில் பாய்வு வீதத்தை மாற்றிக் கணக்கிடும் வாய்பாடும் ஆயிரத்தையே கொள்கிறது. ஒரு மெகாபைட் என்றால் அங்கே ஆயிரம் கிலோபைட்.

முப்பத்திரண்டு கட்டங்கள்

இப்போது முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதை எடுப்போம். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. சுமார் 429 கோடி. இது மிகப் பெரிய எண்போலத் தோன்றுகிறது அல்லவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கைபேசித் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்துக்கும் 4 பைட். வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் பெருக்கினால் வினாடிக்கு 49,76,64,000 பைட் வரும். ஒரே ஒரு திரைக்கு இவ்வளவு! இதைப் பிட்டில் எழுதினால் 398 கோடியே 13 லட்சம். 429 கோடிக்குள் மயிரிழையில் அடங்கிவிடுகிறது.

ஆனால் இதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே திரையானால்? பிட்டில் 1,592 கோடிக்கு மேல். 32 கட்டங்களில் இடமில்லை. இடமில்லை என்றால் கணிப்பொறி நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வண்டியின் கிலோமீட்டர் மானி 99,999க்குப் பிறகு மீண்டும் 00000 காட்டுவதுபோல, இத்தகைய கூட்டல் பெருக்கலில் எண் நிரம்பி வழிந்து முதலிலிருந்து தொடங்கிவிடும். 1,592 கோடி மூன்று முறை சுற்றி, மீதியாக 304 கோடி நிற்கும். நான்கு மடங்கு பெரிய திரை, சிறிய திரையைவிடக் குறைவாகக் கேட்பதுபோல் ஆகிவிடும்! பிட் கூடாது.

வினாடிக்கு இத்தனை பைட் என்றால்? 4கே திரை தப்பிக்கும், 199 கோடிதான். ஆனால் நினைவகம் தப்பாது. டிடிஆர்4-3200 வகை நினைவகத்தின் 64 பிட் அகலமுள்ள ஒரே ஒரு பாதையின் உச்ச வீதம் வினாடிக்கு 2,560 கோடி பைட். பைட்டும் போதவில்லை.

அப்படியானால் பெரிய அலகாகவே எடுத்துக்கொள்வோமே, மெகாபைட் என்று வைத்தால் என்ன? மேற்புறம் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் கீழ்ப்புறம் இடிக்கிறது. பொறியாளர்கள் சில்லுடன் பேசப் பயன்படுத்தும் பழைய தொடர் இணைப்பு ஒன்று உண்டு. வினாடிக்கு 1,15,200 பிட் என்பது அதில் மிகவும் வழக்கமான வேகம். தொடக்கக் குறி, முடிவுக் குறி இரண்டையும் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட் செலவாவதால், அது வினாடிக்கு 11,520 பைட். மெகாபைட்டில் இது 0.01152. தசம எண் கிடையாது என்று பார்த்தோமே. முழு எண்ணாக வெட்டினால் பூஜ்யம்!

மீதி இருப்பது கிலோபைட். வினாடிக்கு இத்தனை கிலோபைட் என்று எழுதினால், அந்த நினைவகத்தின் 2,560 கோடி பைட் 2,56,00,000 ஆகிறது. 32 கட்டத்தின் எல்லை அதைப்போல் சுமார் 167 மடங்கு அப்பால் இருக்கிறது; வருங்காலத்துக்கும் இடம் உண்டு. திரைக்கு 4,97,664. மெதுவான தொடர் இணைப்புக்கு 11 அல்லது 12. பெரியதும் சிறியதும் ஒரே அளவுகோலில் அடங்கிவிட்டன. லினக்ஸ் கரு தேர்ந்தெடுத்த அலகும் இதுவே.

32க்குப் பதில் 64 பிட் இடம் கொடுத்தால் சிக்கலே இல்லையே என்று கூர்மையான தோழியர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செயலியின் வேகத்தை ஹெர்ட்ஸ் கணக்கில் எழுதும் பட்டியலில் அப்படியே செய்கிறார்கள். ஓர் எண்ணுக்கு இரட்டை இடம் தருகிறார்கள். பாய்வு வீதத்திலோ கிலோபைட் என்ற அலகே இரு முனைகளையும் தாங்கிவிடுவதால், அந்த இரட்டைச் செலவுக்குத் தேவையில்லை.

பூஜ்யம் சிறிய எண் அன்று

மேலே பூஜ்யம் என்று பார்த்தோம். வேகம் குறைந்த சாதனம்தானே, பூஜ்யம் என்று போனால் போகட்டும் என விட்டுவிட முடியாது. கருவிடம் ஒரு சாதனம் பூஜ்யம் என்று கேட்டால், "எனக்கு இப்போது பாதையே வேண்டாம்" என்று பொருள். வேறு யாரும் கேட்காவிட்டால் அந்தப் பாதையின் வேகம் அடிமட்டத்துக்கு இறங்கலாம். சில சில்லுகளில் பாதையே உறங்கிவிடலாம். சிறிது வேண்டும் என்பதற்கும் ஒன்றும் வேண்டாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

கருவை எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. கிலோபிட்டில் வரும் கோரிக்கையைக் கிலோபைட்டாக மாற்றும்போது எட்டால் வகுக்கிறார்கள். மீதி ஏதாவது இருந்தால் ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள். வெறும் பிட் கணக்கில் கேட்பவருக்கு, கேட்டது எவ்வளவு என்று பார்க்காமல் ஒன்று என்றே கொடுத்துவிடுகிறார்கள். எல்லாரையும்விடக் குறைவாகக் கேட்பவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை அறிந்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

பெயரிலேயே அலகு

சரியான அலகைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். சாதன மரத்தை எழுதுபவர் ஒரு நாட்டில் இருப்பார். அதைப் படிக்கும் நிரலை எழுதுபவர் வேறு நாட்டில் இருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இருக்காது. விளக்கப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம்தான். ஆனால் எல்லாரும் புத்தகத்தைப் புரட்டுகிறார்களா?

ஆதலால் பண்பின் பெயருக்குப் பின்னால் அலகையும் ஒட்டி எழுதுவது என்று விதி செய்திருக்கிறார்கள். மின்னழுத்தமானால் பெயரின் முடிவில் மைக்ரோவோல்ட், மின்னோட்டமானால் மைக்ரோஆம்ப், மின்தடையானால் ஓம்ஸ். மருந்துப் புட்டியின் மேலேயே "ஒரு தேக்கரண்டி" என்று அச்சிட்டிருப்பது போல. எண்ணைப் பார்ப்பவர் கண்ணில் அலகு படாமல் போகாது.

பாய்வு வீதத்துக்கு அமைந்த ஒட்டு நான்கு ஆங்கில எழுத்துகள். முதலில் ஆயிரத்தைக் குறிக்கும் சிறிய 'கே'. பன்னாட்டு அலகு முறையில் பெரிய 'கே' கெல்வின் என்னும் வெப்பநிலை அலகுக்கு உரியது. ஆகவே சிறியதுதான் முறை. அடுத்து, பைட்டைக் குறிக்கும் பெரிய 'பி'. பின்னர் 'வினாடிக்கு' என்பதைக் குறிக்கும் இரண்டு சிறிய எழுத்துகள். சாதன மரத்தில் பெயர்களைச் சிறிய எழுத்துகளிலேயே எழுதுவது வழக்கம். மெகாஹெர்ட்ஸைக்கூடச் சிறிய எழுத்தில் எழுதுகிறார்கள். மில்லிஹெர்ட்ஸ் என்று யாரும் எண்ண மாட்டார்கள் என்பதால் அங்கே கேடில்லை. இங்கே மட்டும் ஒரு பெரிய எழுத்தைப் புகுத்தியிருக்கிறார்கள். சிறியதாக எழுதினால் பைட் பிட்டாகிவிடும், எட்டு மடங்கு போய்விடும் என்பதே காரணம். வழக்கம் கெட்டாலும் பொருள் கெடக் கூடாது என்று துணிந்திருக்கிறார்கள்.

இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. சாதன மரத்தைச் சரிபார்க்கத் தனி நிரல் இருக்கிறது. பெயரின் முடிவைப் பார்த்தே, "இங்கே 32 பிட் எண் இருக்க வேண்டும்" என்று அது தெரிந்துகொண்டு, மாறாக இருந்தால் எச்சரிக்கிறது.

ஒருமுறை எழுதினால் எழுதியதுதான்

இவ்வளவு யோசனை எதற்கு, பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அங்குதான் தோழியரே, பொறுப்பு இருக்கிறது. சாதன மரம் சாதனத்தோடு சேர்ந்தே கடைக்குப் போய்விடலாம். கருவோ புதிது புதிதாக வெளிவந்துகொண்டே இருக்கும். பழைய மரத்தைப் புதிய கருவும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது லினக்ஸ் பொறியாளர்கள் மதிக்கும் நெறி.

கிலோபைட் என்று இன்று எழுதியதை, அதே பெயரில் நாளை மெகாபைட் என்று கொண்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே எழுதப்பட்ட 4,97,664 என்ற எண் ஆயிரம் மடங்கு பெரிதாகப் படிக்கப்படும். பாதைகள் எல்லாம் முழு வேகத்தில் ஓடும்; கைபேசி சட்டைப்பையில் கொதிக்கும்; பாட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மறுபக்கம் தவறினால் திரையில் படம் சிதறும். வைத்திருப்பவருக்கோ காரணம் தெரியாது. "பழசாகிவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு புதிது வாங்கப் போவார். அலகை மாற்றத்தான் வேண்டுமென்றால் புதிய பெயரோடு புதிய பண்பைச் சேர்க்க வேண்டுமே தவிர, பழைய பெயரின் பொருளை மாற்றக் கூடாது. ஆகவேதான் முதல் தடவையே நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முடிவுரை

நான்கு எழுத்துள்ள ஓர் ஒட்டுக்குப் பின்னால் எத்தனை கேள்விகள் இருக்கின்றன, பார்த்தீர்களா! பிட்டா பைட்டா, ஆயிரமா 1,024ஆ, பெரிய எண் அடங்குமா, சிறிய எண் பூஜ்யமாகுமா, முன்பின் தெரியாத ஒருவர் பல ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் விளங்குமா? இவற்றில் எதற்கும் உயர்ந்த கணிதம் தேவைப்படவில்லை. நாம் படித்த பெருக்கலும் வகுத்தலும், கொஞ்சம் முன்யோசனையும் போதுமாயிருந்தன. வருங்காலத்தில் நம்மில் சிலரும் இத்தகைய நிரல்களை எழுதப் போகிறோம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிவியல் ஏட்டில் விடையை எழுதியதும் அதன் பக்கத்தில் அலகையும் எழுதுவோம். மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. அந்த எண்ணை அடுத்து எடுத்துப் பயன்படுத்தப் போகிறவர் நம்மிடம் வந்து கேட்க முடியாத இடத்தில் இருக்கலாம் அல்லவா?